1/35 டாங்கிக்கு வண்ணமும் அழுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் டாங்கி மாடல் செய்யத் தொடங்கும் நண்பர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்துவிடலாம் என்றுதான் இந்தப் பக்கம். எடுத்துக்காட்டுக்கு ஒரே வண்டியை வைத்துக்கொள்கிறேன்: 1944இல் போர்முனைக்கு வந்த சோவியத் டி-34/85. கிட் எளிதாகக் கிடைக்கிறது, பெரும்பாலும் ஒரே பச்சை நிறம், அழுக்குக்கோ பஞ்சமே இல்லை. ஜெர்மன் டாங்கி செய்கிறவர்களுக்கும் நிறத்தையும் இந்த வண்டிக்கே உரிய நுணுக்கங்களையும் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

1/72, 1/48 என்றெல்லாம் இருக்கும்போது டாங்கி மாடல்கள் மட்டும் ஏன் 1/35?

யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்த அளவு இல்லை. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி மாடல் ஒன்றை வெளியிட்டது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டுமே என்று உடலின் அளவை முடிவு செய்தார்கள். அது ஏறக்குறைய 1/35 ஆக அமைந்தது. விற்பனை நன்றாக இருந்ததால் அதே அளவு நிலைத்துவிட்டது.

இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கீழே பல பதில்கள் இதன் மேல்தான் நிற்கின்றன. 3 மீட்டர் அகலமுள்ள டி-34 உங்கள் மேசையில் 86 மில்லிமீட்டர். திருப்பிப் பார்த்தால், நீங்கள் தூரிகையால் வைக்கும் 1 மில்லிமீட்டர் புள்ளி உண்மையான வண்டியில் 35 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் மணல் துகள் அங்கே பதினேழரை மில்லிமீட்டர் ஜல்லி.

ஏர்பிரஷ் இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். பிரைமரையும் (வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடிப்படை நிறத்தையும் ஸ்பிரே கேனில் அடித்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் வெதரிங் (அழுக்கும் தேய்மானமும் காட்டும்) வேலையில் பெரும்பகுதி தூரிகை வேலைதான். தூரிகையாலேயே அடிப்படை நிறம் பூசுவதென்றால் வல்லேஹோ போன்ற தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கை நீர்த்து, மெல்லிய மூன்று நான்கு பூச்சுகளாகப் பூசுங்கள். தடிமனாக ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் தூரிகைத் தடம் அப்படியே நின்றுவிடும். டாமியா அக்ரிலிக் தூரிகைக்கு ஒத்துவராது; இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்து இழுத்துவிடும்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் காற்றையும் வண்ணத்தையும் ஒரே விசையில் கட்டுப்படுத்தும், 0.3 மில்லிமீட்டர் நுனியுள்ள டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ், காற்றுத் தொட்டியும் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் உள்ள சிறிய கம்ப்ரசர் போதும். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. கூடவே கரைப்பான் ஆவியை வடிகட்டும் முகமூடியும் வாங்குங்கள். மருத்துவமனையில் கட்டும் துணி முகமூடி வண்ணத் துகளை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஜன்னலைத் திறந்து வைப்பது முகமூடிக்கு மாற்று இல்லை, துணைதான்.

அக்ரிலிக், எனாமல், லாக்கர்: எதன் மேல் எதைப் பூசலாம்?

மேலே பூசுவதில் உள்ள கரைப்பான் கீழே காய்ந்திருப்பதைக் கரைக்கக் கூடாது. விதி அவ்வளவுதான். லாக்கர் தின்னர் ஏறக்குறைய எல்லாவற்றையும் கரைக்கும். அதனால் லாக்கர் அடியில் போக வேண்டும். அக்ரிலிக் நடுவில். எனாமலும் ஆயில் வண்ணமும் மேலே, ஏனென்றால் அவற்றுக்கான டர்பன்டைன் காய்ந்த அக்ரிலிக்கைத் தொடாது. இந்த ஒரு வசதியால்தான் வெதரிங் கலையே நடக்கிறது: மேலே போட்ட வாஷ் (இடுக்குகளில் ஓடவிடும் நீர்த்த வண்ணம்) பிடிக்கவில்லையென்றால் துடைத்துவிடலாம், அடியில் உள்ள பச்சை அப்படியே இருக்கும்.

ஹார்டுவேர் கடையில் வாங்கும்போது கவனம். "தின்னர்" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் என்.சி. தின்னரை எடுத்துக் கொடுப்பார்கள். அது மரச்சாமான் பாலிஷுக்கானது, பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். மினரல் டர்பன்டைன் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பிரைமர் அவசியமா? பச்சையை நேரடியாக அடித்தால் என்ன?

நேரடியாக அடிக்கலாம். ஆனால் வெதரிங்கில் அந்தப் பரப்பைப் பலமுறை தேய்க்கப் போகிறீர்கள், துடைக்கப் போகிறீர்கள். பிரைமர் இல்லாத வண்ணம் விளிம்புகளில் கையோடு வந்துவிடும். அச்சிலிருந்து எடுத்த பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து, ஒட்டி முடித்த பிறகு சாம்பல் நிற பிரைமரை மெல்லியதாக அடியுங்கள். ஒட்டிய இடங்களில் இடைவெளி இருந்தால் சாம்பல் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

பிரைமருக்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. டி-34/85இன் டரட் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதி) வார்ப்பு எஃகு, மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். உடலோ உருட்டிய தகடுகளைப் பற்றவைத்தது, வழவழப்பானது. பல கிட்டுகளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மிஸ்டர் சர்ஃபேசர் 500 போன்ற கெட்டியான திரவ நிரப்புப் பசையை டரட்டின் மேல் பழைய தூரிகையின் நுனியால் குத்திக் குத்தி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாக முனை மழுக்கினால் வார்ப்பின் தோற்றம் வந்துவிடும். பிறகு போடும் வாஷும் தூசியும் அந்தச் சொரசொரப்பில்தான் பிடிக்கும்.

பிரைமர் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புகை படர்ந்ததுபோல் இருக்கிறது. பாட்டில் கெட்டுப்போய்விட்டதா?

பாட்டில்மேல் தவறில்லை, காற்றில்தான். லாக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. சென்னைபோன்ற கடலோர ஊரில், அதிலும் ஐப்பசி கார்த்திகையில், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து பால்போல் மங்கிவிடும். வெயில் ஏறிய, மழை இல்லாத நண்பகலில் மறுபடி மெல்லிய பூச்சு ஒன்று அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கலந்த தின்னரும் உதவும்.

டி-34க்குச் சரியான பச்சை எது? ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு பச்சையை 4பிஓ என்று விற்கிறதே?

4பிஓ என்பது சோவியத் ராணுவத்தின் அதிகாரபூர்வப் பாதுகாப்புப் பச்சை. டி-34/85ஐ நிஷ்னி தாகில் 183ஆம் எண் ஆலை, கார்க்கி 112ஆம் எண் ஆலை, ஓம்ஸ்க் 174ஆம் எண் ஆலை ஆகிய மூன்றும் தயாரித்தன. போர்க்காலம் வேறு. எல்லா வண்டிகளும் ஒரே சாயலில் வந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வந்த பிறகும் வெயிலும் தூசியும் அதை மாற்றும். ஆகவே இரண்டு பாட்டில்களை அருகருகே வைத்து எது உண்மை என்று சண்டைபோடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. கொஞ்சம் மஞ்சள் ஏறிய, நடுத்தர அடர்த்தியுள்ள பச்சை எதுவானாலும் சரி. டாமியாவில் எக்ஸ்எஃப்-58 ஆலிவ் பச்சையோடு சிறிது மஞ்சள் கலந்தால் எனக்குப் போதும்.

அடர்த்தியில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி வெளிறலாக அடியுங்கள். வாஷ், ஃபில்டர் (கீழே விளக்குகிறேன்), வார்னிஷ் எல்லாம் சேர்ந்து பச்சையை இருட்டாக்கிவிடும். வெளிற வைக்க வெள்ளையைக் கலக்காதீர்கள், பச்சை சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். மஞ்சளோ எக்ஸ்எஃப்-57 பஃப் நிறமோ கலந்தால் வெயில் பட்ட பச்சை கிடைக்கும்.

ஜெர்மன் வண்டி செய்கிறவர்களுக்கு ஒரு வரி: 1943 பிப்ரவரிக்கு முன் அடர் சாம்பல், அதற்குப் பின் அடர் மஞ்சள் அடித்தளம், அதன்மேல் படைவீரர்களே தெளித்த பச்சையும் செம்பழுப்பும். வண்டியின் காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒரே பச்சையாக அடித்து முடித்தேன். பொம்மைபோல் இருக்கிறதே?

உண்மையான டாங்கி வெயிலில் நிற்கும்போது மேல்தகடு ஒளிர்கிறது, அடித்தகடு நிழலில் இருட்டாகிறது. மேசைமேல் இருக்கும் சின்ன மாடலில் அந்த வேறுபாடு தானாக வராது. நாம்தான் வண்ணத்தில் கொண்டுவர வேண்டும். மேல்நோக்கிய பரப்புகள், ஆள் நுழையும் ஹாட்ச் மூடிகள், டரட்டின் உச்சி ஆகியவற்றுக்கு வெளிறிய பச்சை. பக்கவாட்டின் கீழ்ப்பகுதிக்கும் டரட்டின் அடிவிளிம்புக்கும் அடர்ந்த பச்சை. ஏர்பிரஷ் இல்லையென்றால் இதையே ஆயில் வண்ணப் புள்ளிகளால் செய்யலாம். வெள்ளை, மஞ்சள், காவி, நீலம் எனச் சிறு புள்ளிகளை ஒரு தகட்டின்மேல் வைத்து, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்து, ஏறக்குறைய மறையும்வரை கலைத்துவிடுங்கள். மழை வழிந்து நிறம் மாறிய தகடுபோல் ஆகிவிடும்.

தூரிகையில் வண்ணத்தை ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு விளிம்புகளில் உரசும் டிரை பிரஷ் முறை, பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன் புகழ்பெற்றிருந்த காலத்தில் எங்கும் பரவியது. இன்று பலர் அதை ஏளனம் செய்கிறார்கள். வெளிறிய பச்சையில் அளவோடு செய்தால் போல்ட் தலைகளையும் வார்ப்புச் சொரசொரப்பையும் எடுத்துக்காட்ட அதைவிட விரைவான வழி கிடையாது. வெள்ளியால் விளிம்பு முழுவதும் உரசுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

எண் ஸ்டிக்கரைச் சுற்றி வெள்ளிபோல் மின்னுகிறது. எப்படி மறைப்பது?

டீக்கலுக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது. பளபளப்பில்லாத மேட் பரப்பு நுண்ணளவில் மேடுபள்ளமானது, அதன்மேல் மெல்லிய படலம் சரியாக உட்காராது. ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். ஒட்டும்போது டீக்கலை இளக்கும் மைக்ரோ சால் போன்ற திரவத்தைத் தடவுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டது என்றால் ஊசிமுனையால் சில துளைகள் குத்தி அதே திரவத்தை விட்டுப் பாருங்கள்.

1945 ஏப்ரல் இறுதியில் பெர்லினில் நுழைந்த டி-34களில் டரட்டைச் சுற்றி வெள்ளைப் பட்டையும் உச்சியில் வெள்ளைச் சிலுவையும் இருந்தன. நேச நாட்டு விமானங்கள் அடையாளம் காண்பதற்காகப் போட்டவை. இதற்கு டீக்கல் வேண்டாம், தூரிகையாலேயே வரையுங்கள். அங்கேயும் படைவீரர்கள் தூரிகையால் அவசரமாகப் பூசியதுதான். கோணல் இருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

வெதரிங்கை எந்த வரிசையில் செய்வது?

உண்மையான வண்டிக்கு எது முதலில் நடந்ததோ அந்த வரிசையில். ஆலையில் வண்ணம் பூசினார்கள், வெயிலில் மங்கியது, உராய்வில் உரிந்தது, உரிந்த இடம் பழுப்பேறி மழையில் வழிந்தது, அதன்மேல் தூசி படிந்தது, கடைசியாக நேற்றைய சேறும் இன்றைய எண்ணெயும். சேற்றின்மேல் பெயின்ட் உரிந்த தடம் தெரிந்தால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தவறு என்று உறைக்கும்.

ஒவ்வொரு தடத்தையும் வைக்கும் முன் "இதை எது செய்தது?" என்று கேளுங்கள். காலா, தண்ணீரா, மரக்கிளையா, டீசலா? பதில் இல்லையென்றால் அந்தத் தடம் வேண்டாம். இனி வரும் பதில்கள் எல்லாம் இந்தக் கேள்வியைத்தான் சுற்றுகின்றன.

ஃபில்டர், வாஷ், பின் வாஷ் மூன்றும் ஒன்றுதானே?

பொருள் ஒன்று, அடர்த்தியும் இடமும் வேறு. ஃபில்டர் மிகமிக நீர்த்தது. பரப்பு முழுவதும் ஈரத்தூரிகையால் தடவி அடிநிறத்தின் சாயலை மட்டும் மாற்றுவது. வாஷ் சற்று அடர்ந்தது. பின் வாஷ் என்பது அந்த வாஷையே நுண்ணிய தூரிகையால் போல்ட்டின் அடி, பற்றவைப்பின் ஓரம், ஹாட்ச் இடுக்கு ஆகிய இடங்களில் மட்டும் தொட்டு வைப்பது. தொட்டதும் நுண்துளை ஈர்ப்பால் தானே இடுக்கு முழுவதும் ஓடும். பரப்பு பளபளப்பாகவோ அரைப் பளபளப்பாகவோ இருந்தால் நன்றாக ஓடும். மேட்டாக இருந்தால் வட்டமாகப் படர்ந்து கறையாகும்.

அரை மணி நேரம் கழித்து, டர்பன்டைனில் நனைத்துத் துணியில் ஒற்றிய தூரிகையால் மிகுதியை எடுங்கள். நிறம் கறுப்பாக இருக்க வேண்டாம். பச்சைமேல் கறுப்பு கோடு போட்டதுபோல் தெரியும்; அடர்பழுப்போடு துளி கறுப்பு போதும்.

இதற்கெல்லாம் வெளிநாட்டு வாஷ் பாட்டில்கள் வாங்க வேண்டுமா? கேம்லின் ஆயில் வண்ணம் போதாதா?

போதும். தயார்நிலை பாட்டிலில் வாங்குவது வசதியைத்தான். பர்ன்ட் அம்பர், ரா அம்பர், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியென்னா, வெள்ளை, கறுப்பு என ஆறு குழாய்கள் பல டாங்கிகளுக்கு வரும். ஒரு பங்கு வண்ணத்துக்கு எட்டு, பத்து பங்கு டர்பன்டைன் கலந்தால் வாஷ்.

ஒரே ஒரு முன்வேலை: குழாயிலிருந்து பிதுக்கியதை முதலில் ஒரு அட்டைத் துண்டின்மேல் அரை மணி நேரம் வைத்திருங்கள். வண்ணத்தைச் சுற்றி எண்ணெய் வளையம் அட்டையில் ஊறிப் பரவுவதைக் காண்பீர்கள். அந்த ஆளி எண்ணெய் போனால்தான் வண்ணம் விரைவில் காயும், காய்ந்ததும் பளபளக்காது.

வாஷ் விட்டதும் பிளாஸ்டிக்கே விரிசல் விட்டு உடைந்துவிட்டது!

சக்கர அச்சு, சுருள்வில், இழுத்துக் கட்டிய டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) போன்ற இறுக்கத்தில் உள்ள பாகங்களில் இது நடக்கும். எனாமல் தின்னர் வண்ணம் படாத உட்புற இடுக்கில் தேங்கி, இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடுகிறது. டாமியா கிட்டுகளின் மென்மையான பிளாஸ்டிக்கில் இது கூடுதல். வாஷைக் குளம்போல் விடாதீர்கள். அடிப்பகுதிக்குள் ஓடியதை உடனே தாளால் ஒற்றி எடுங்கள். உட்புறத்துக்கும் ஒரு பூச்சு பிரைமர் கொடுங்கள்.

பெயின்ட் உரிந்த தடங்களை எங்கே போடுவது? எவ்வளவு போடுவது?

நீங்கள் நினைத்ததில் கால்பங்கு. 1 மில்லிமீட்டர் புள்ளி உண்மையில் 35 மில்லிமீட்டர் என்று முதல் பதிலில் சொன்னேன். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்த தடங்கள் எல்லாத் தகட்டிலும் இருக்கும் வண்டியை யாரும் பார்த்திருக்க முடியாது. அதிலும் டி-34கள் பல, வண்ணம் பழசாகும் அளவுக்கு உயிரோடு இருந்ததில்லை.

எங்கே என்பதற்கு விடை வண்டியின்மேல் ஏறிய மனிதர்கள். டி-34/85இன் குழு ஐந்து பேர். ஓட்டுநர் முன் தகட்டிலுள்ள ஹாட்ச் வழியாக நுழைவார். அந்த ஹாட்ச்சின் கீழ்விளிம்பு தேயும். டரட் ஹாட்ச்களின் ஓரம், பெரிஸ்கோப் அருகே கை ஊன்றும் இடம், டீசல் நிரப்பும் மூடியைச் சுற்றி. அதோடு டி-34இன் முதுகில் காலாட்படையினர் ஏறிப் பயணம் செய்தார்கள். டரட்டிலும் உடலிலும் உள்ள கைப்பிடிக் கம்பிகள் அவர்களுக்காகத்தான். அந்தக் கம்பிகளின் நடுப்பகுதியும் எஞ்சின் மேல்தட்டின் ஓரமும் பூட்ஸ் பட்டுத் தேய்ந்திருக்கும். டரட்டின் பக்கவாட்டு நடுவில் ஏன் உரியப்போகிறது? மரக்கிளை கீறினாலொழிய இல்லை.

செய்முறை: கிட் பெட்டியில் வரும் கடற்பஞ்சுத் துண்டு ஒன்றைக் கிழித்து, வெளிறிய பச்சையில் தொட்டு, தாளில் ஒற்றிவிட்டு விளிம்பில் லேசாகத் தட்டுங்கள். இது மேற்கீறல். அந்தப் புள்ளிகளில் பெரியவற்றின் நடுவில் மட்டும் கூரிய தூரிகையால் அடர் சாக்லேட் பழுப்பை வையுங்கள். வெளிறிய ஓரம் மேலே கொஞ்சம் தெரிய வேண்டும். அது வண்ணப் படலத்தின் தடிமன்போல் கண்ணை ஏமாற்றும். வெள்ளி நிறம் எங்கும் வேண்டாம்.

ஹேர்ஸ்பிரே முறை என்கிறார்களே, அது என்ன? எப்போது தேவை?

அடியில் ஒரு நிறம். காய்ந்ததும் சாதாரண ஹேர்ஸ்பிரே இரண்டு பூச்சு. அதன்மேல் அக்ரிலிக்கில் மேல்நிறம். மேல்நிறம் காய்ந்த சிறிது நேரத்தில் தண்ணீர் தொட்டு விறைப்பான தூரிகையால் தேய்த்தால், தண்ணீர் உள்ளே போய் ஹேர்ஸ்பிரேயைக் கரைக்க, மேல்நிறம் ஒழுங்கற்ற துண்டுகளாக உரியும். மேல்நிறத்தை லாக்கர் தின்னரில் கலக்காதீர்கள், படலம் கெட்டிப்பட்டு உரியாது.

பச்சை வண்டிக்கு இது மிகை. இதற்கென்றே பிறந்த வேலை பனிக்கால வெள்ளை. சோவியத் படையினர் கழுவினால் போகும் வெள்ளையைக் கையால் பூசினார்கள். வசந்தத்தில் அது மழையில் கரைந்து, ஆள் ஏறும் இடங்களில் முதலில் போய், போல்ட்களைச் சுற்றியும் கைக்கு எட்டாத மூலைகளிலும் தங்கியது. முந்தைய பதிலில் சொன்ன தேயும் இடங்களில் தேயுங்கள், மற்ற இடங்களில் கையை அடக்குங்கள்.

துரு எவ்வளவு போடலாம்? டாங்கி என்றாலே துருதானே?

கைவிடப்பட்டுப் புல் முளைத்த டாங்கி என்றால் தாராளமாக. ஓடும் டாங்கி என்றால் இடம் பார்த்து. 90 மில்லிமீட்டர் தடிமனுள்ள டரட் முகப்பில் ஒரு கீறல் விழுந்தால் ஓரிரு நாளில் அடர்பழுப்பாகும். ஆரஞ்சு நிறத்தில் செதிள் செதிளாக ஆவதற்கு நெடுங்காலம் வேண்டும்.

துருவுக்கு உரிய இடம் வெப்பம் வண்ணத்தைத் தின்ற இடம். டி-34இன் பின்தகட்டில் இரண்டு புகைபோக்கிகள் வளைந்து இறங்குகின்றன. அவற்றுக்கு அடர்பழுப்பு அடித்து, அதன்மேல் பஞ்சால் செம்பழுப்பு, மிகச் சில புள்ளிகளில் மட்டும் ஆரஞ்சு, பிறகு பர்ன்ட் சியென்னா பிக்மெண்ட் (நிறத்தூள்) தூவிக் கலையுங்கள். வாய்ப்பகுதியில் கரிக்கறுப்பு. குண்டு பாய்ந்து எரிந்த வண்டி வேறு கதை: எரிந்த இடத்தில் வண்ணம் முழுதும் போய், தகடு ஓரிரு நாளிலேயே ஆரஞ்சுப் பழுப்பாகும், சக்கரத்தின் ரப்பரும் எரிந்துபோயிருக்க வேண்டும்.

டிராக்குக்கு வெள்ளி அடிப்பதா, துரு அடிப்பதா?

இரண்டும், ஆனால் வேறு வேறு இடத்தில். டி-34இன் டிராக் வார்ப்பு மாங்கனீசு எஃகு, பொதுவாக வண்ணம் பூசப்படாதது. பின்னணியாக அடர்பழுப்பு அடித்து, மண்ணின் நிறத்தில் பிக்மெண்ட் ஏற்றுங்கள். பிறகு எது எதோடு உரசுகிறது என்று பாருங்கள். வெளிப்புறத்தில் தரையைத் தொடும் மேட்டு வரிகள் மினுங்கும். உட்புறத்தில் சக்கரங்கள் ஓடும் பாதை இருக்கிறதே, அங்கே சக்கரத்தில் ரப்பர் இருந்தால் மங்கலாகத் தேய்ந்திருக்கும். ரப்பர்ப் பற்றாக்குறைக் காலத்து இரும்பு விளிம்புச் சக்கரம் என்றால் நன்றாக மின்னும். டி-34/85இல் பெரும்பாலும் ரப்பர்தான். பின்புறம் உள்ள ஓட்டும் சக்கரம் பல்லால் அல்லாமல் டிராக்கின் உள்கொம்புகளைப் பிடித்துத்தான் இழுக்கிறது. ஆகவே அந்தக் கொம்புகளின் பக்கங்கள் மின்ன வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். டி-34இன் டிராக் ஊசிகளின் தலை உட்பக்கம் இருக்கிறது, அது வெளியேறாமல் தடுக்கப் பூட்டு எதுவும் இல்லை. நழுவி வரும் ஊசியை உடலின் பின்பகுதியில் உள்ள ஒரு சாய்தகடு ஒவ்வொரு சுற்றிலும் தட்டி உள்ளே தள்ளிவிடும். அந்தச் சாய்தகட்டில் பளபளப்பான தேய்மானம் ஒன்று வையுங்கள். பார்ப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் கவனிக்க மாட்டார்கள். கவனிக்கும் அந்த ஒருவர் உங்கள் நண்பராகிவிடுவார்.

மினுக்கத்துக்கு வெள்ளி வண்ணத்தைவிட 6பி பென்சிலும் கிராஃபைட் தூளும் நல்லது, உண்மையான எஃகின் மங்கலான ஒளி வரும். மேலும், இந்த வண்டியில் மேலே டிராக்கைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையாது. மேல் டிராக் சக்கரங்களின் தலையில் படுத்துக் கிடக்க வேண்டும். ரப்பர்போன்ற ஒற்றைப்பட்டை டிராக் என்றால் சக்கரங்களோடு பசையால் ஒட்டிப் படிய வையுங்கள். அந்தரத்தில் விறைத்து நிற்கும் டிராக் எவ்வளவு நல்ல வெதரிங்கையும் பொய்யாக்கிவிடும்.

தோட்டத்து மண்ணையே சலித்துப் போட்டால் என்ன? உண்மையான மண்தானே?

உண்மையான மண், தவறான அளவு. மணல் துகள் ஜல்லியாகிவிடும் என்பதை முதல் பதிலில் பார்த்தோம். மெல்லிய துணியில் சலித்த தூளை மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் நன்றாகச் சூடாக்கி ஈரமும் உயிரும் போக்கிய பிறகு.

அளவைவிடப் பெரிய சிக்கல் நிறம். நம் ஊர்ச் செம்மண்ணை டி-34இல் பூசினால் அது எந்தப் போர்முனை? 1944 வசந்தத்தில் டி-34/85கள் இறங்கிய உக்ரைன் கரிசல் பூமி. ஈரத்தில் ஏறக்குறைய கறுப்பு, காய்ந்தால் சாம்பல் படிந்த பழுப்பு. பெர்லின் என்றால் மண்ணே குறைவு: இடிந்த கட்டடங்களின் காரைத்தூள் வெளிறிய சாம்பல், செங்கல்தூள் சிவப்பு, இரண்டும் மேல்தட்டு முழுவதும் படிந்திருக்கும். இடத்தை முடிவு செய்யாமல் பிக்மெண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

சேற்றுக்கு: பிக்மெண்ட், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பொடியாக நறுக்கிய நார், அக்ரிலிக் பிசின். கலவையை விறைப்பான தூரிகையில் எடுத்து, ஏர்பிரஷ் காற்றாலோ குச்சியாலோ தூரிகையைச் சுண்டி அடித்தளத்தில் தெறிக்க விடுங்கள். மூன்று முறை, மூன்று நிறத்தில். முதலில் காய்ந்த பழைய சேறு வெளிறலாகவும் பரவலாகவும். பிறகு அடர்ந்தது, குறைவாக. கடைசியில் பளபளப்பு வார்னிஷ் கலந்த ஈரச்சேறு, சக்கரத்தின் உள்வளைவிலும் முன்பின் மூலைகளிலும் மட்டும். டிராக் எறியும் சேறு எங்கே போய் விழும் என்பதுதான் அளவுகோல். டரட்டின் உச்சியில் சேறு இருந்தால் அது பூட்ஸ் தடமாக மட்டுமே இருக்க முடியும்.

பிக்மெண்ட் தொட்டால் உதிர்கிறது. ஒட்டவைக்கும் ஃபிக்ஸர் திரவம் விட்டால் கறுத்துவிடுகிறது. என்னதான் செய்வது?

கறுப்பதைத் தவிர்க்க முடியாது, கணக்கில் வைத்துக்கொள்ள முடியும். ஒரு அட்டையில் முதலில் சோதித்து, தேவையானதைவிட வெளிறிய பிக்மெண்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபிக்ஸரைத் தூரிகையால் தடவாமல், தூள் படிந்த இடத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து ஊற விடுங்கள். தடவினால் தூள் ஓடிக் கறைவட்டம் விழும். கையே படாத இடங்களில் வெறும் டர்பன்டைன் போதும், ஓரளவு பிடித்துக்கொள்ளும். பிக்மெண்டுக்குப் பதில் ஓவியக் கடையில் கிடைக்கும் சாக் பேஸ்டல் குச்சியை உப்புத்தாளில் தேய்த்து எடுத்த தூளும் நன்றாகவே வேலை செய்யும். ஆயில் பேஸ்டல் வேண்டாம், அது மெழுகு.

டீசல் கறை, எண்ணெய்க் கறை எப்படி வரும்?

டி-34இன் வி-2 எஞ்சின் டீசலில் ஓடுவது. பின்பக்கவாட்டில் உருளை வடிவ எரிபொருள் டிரம்கள் உண்டு. மூடியிலிருந்து வழிந்த டீசல் தூசியை நனைத்து அடர்ந்த கோடாக இறங்கும். தூசி வேலை முடிந்த பிறகு, பர்ன்ட் அம்பரோடு துளி கறுப்பும் பளபளப்பு வார்னிஷும் கலந்து மெல்லிய கோடு. ஓரத்தை டர்பன்டைனால் மங்கவிட்டு, அதன் நடுவில் இன்னும் மெல்லிய, இன்னும் அடர்ந்த கோடு. பழைய கறை மங்கல், புதிய கறை பளபளப்பு. ஒரு வண்டிக்கு இரண்டு மூன்று போதும்.

எல்லாம் முடிந்ததும் மேட் வார்னிஷ் அடித்துப் பாதுகாக்கலாமா?

வேண்டாம். மேட் வார்னிஷ் வாஷுக்குப் பிறகு, பிக்மெண்டுக்கு முன் அடிக்க வேண்டியது. கடைசியில் அடித்தால் தூசி காணாமல் போகும், கிராஃபைட் மங்கும், ஈரச்சேறும் எண்ணெயும் உலர்ந்துவிடும். பாடுபட்டுக் கொண்டுவந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். பாதுகாப்புக்குக் கண்ணாடிப் பெட்டி வாங்குங்கள்.

நம் ராணுவ டாங்கியைச் செய்ய ஆசை. எங்கே பார்த்து வண்ணம் பூசுவது?

1971 போர் நல்ல தொடக்கம். அந்த நவம்பரில் கரீப்பூரில் சண்டையிட்ட 45ஆம் கவல்ரி படைப்பிரிவின் பிடி-76, டிசம்பரில் பசந்தர் சமரில் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் செஞ்சூரியன், இரண்டு வகைக்கும் 1/35 கிட்டுகள் உண்டு. மேலே சொன்ன மண் கணக்கு இங்கேயும் பொருந்தும்: பிடி-76க்கு வங்காள வயல்களின் சாம்பல் வண்டல், செஞ்சூரியனுக்குப் பஞ்சாப் சமவெளியின் வெளிறிய மண். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965 முதல் உருவான விஜயந்தாவைச் செய்ய விரும்புகிறவர்கள், அது பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு என்பதை மனத்தில் வைத்துத் தேடினால் வரைபடங்கள் கிடைக்கும்.

வடிவத்துக்கும் அளவுக்கும் மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்) உள்ள கவல்ரி டாங்கி அருங்காட்சியகத்தில் எடுத்த படங்களைப் போல உதவுபவை வேறில்லை. நிறத்துக்கு மட்டும் அவற்றை நம்ப வேண்டாம். காட்சிக்கு நிற்கும் டாங்கிகளுக்கு ஆண்டுக்கணக்கில் மேலே மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். சக்கர ரப்பர், கருவிகளின் மரப்பிடி எல்லாம் ஒரே பளபளப்பில் மூழ்கியிருக்கும். போர்க்காலப் புகைப்படத்தில் தூசி எங்கே படிந்திருக்கிறது, எங்கே துடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம் அதற்குப் போதும்.